லைபேஸ் 3,000 இருந்தவர் நான்காம் நாள் வீட்டுக்கு, 700 இருந்தவர் ஐ.சி.யூ.வுக்கு: திடீர் கணைய அழற்சியில் எதைப் பார்த்து முடிவெடுப்பது?

கேள்வி: இரவுப்பணி

வணக்கம். திடீர் கணைய அழற்சிக்கு (வார்டில் எல்லோரும் பேன்க்ரியாடைட்டிஸ் என்றே சொல்கிறோம்) இளநிலை மருத்துவர்களும் செவிலியர்களும் கையில் வைத்துக்கொள்ள ஒரு குறிப்பு தயாராகிறது. பழைய பாடநூலையும் புதிய வழிகாட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நாலு இடத்தில் முட்டுகிறது.

லைபேஸ் (இரத்தத்தில் அளக்கும் கணைய நொதி) எகிறியிருப்பவர் சீக்கிரம் தேறிவிடுகிறார், கொஞ்சம் கூடியிருப்பவர் மோசமாகிறார். அப்படியானால் அந்த எண் எதற்கு? டிரிப் எவ்வளவு வேகத்தில் போக வேண்டும்? ஒரு நூல் மணிக்கு 250 முதல் 500 மி.லி. என்கிறது, இன்னொன்று அதில் பாதிகூட வேண்டாம் என்கிறது. வாய்க்கு ஒன்றும் கொடுக்காமல் கணையத்துக்கு ஓய்வு தரும் பழக்கம் இன்னும் சரியா? காய்ச்சல் வந்ததும் ஆன்டிபயாடிக் தொடங்கலாமா? சி.டி.யை முதல் நாளே எடுத்துவிட்டால் என்ன கெட்டுவிடும்?

எண்ணோடும் காரணத்தோடும் சொன்னால் குறிப்பில் அப்படியே சேர்த்துவிடலாம்.

பதில் 1: ஏசினர்

லைபேஸிலிருந்தே தொடங்குவோம். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி, லைபேஸ் அல்லது அமைலேஸ் இயல்பின் உச்ச வரம்பைவிட 3 மடங்காவது கூடியிருப்பது, படத்தில் அழற்சி தெரிவது: இந்த மூன்றில் இரண்டு இருந்தால் நோய் உறுதி. லைபேஸின் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. 3 மடங்கோ 30 மடங்கோ, தீவிரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. தினமும் திரும்பத் திரும்ப அனுப்புவது வீண் செலவு, குறிப்பில் இதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். அமைலேஸ் 3 முதல் 5 நாளில் இயல்புக்கு வந்துவிடும், லைபேஸ் 8 முதல் 14 நாள் வரை நிற்கும். தாமதமாக வருபவரிடம் லைபேஸை நம்பலாம் என்பது இதனால்தான். குடல் துளை, குடலுக்கு இரத்தம் தடைபடுதல், சிறுநீரகச் செயலிழப்பு இவற்றிலும் இரண்டுமே கூடும் என்பதை மறக்கக் கூடாது.

ஏன் எண்ணும் நோயும் ஒட்டுவதில்லை? உள்ளே நடப்பதைப் பார்த்தால் புரியும். நொதி சுரக்கும் ஏசினர் செல், புரதத்தைச் செரிக்கும் டிரிப்சினின் முன்வடிவான டிரிப்சினோஜெனைச் செயலற்ற வடிவில் குருணைகளாகக் கட்டி வைக்கிறது. அதைக் குடலில் இருக்கும் என்டெரோகைனேஸ்தான் டிரிப்சினாகத் திறக்க வேண்டும். கல் அடைத்து நாள அழுத்தம் ஏறினாலும், பித்த அமிலம் செல்லைத் தொட்டாலும், மதுவும் கொழுப்பமிலமும் சேர்ந்த எத்தில் எஸ்டர்கள் உண்டானாலும் செல்லுக்குள் கால்சியம் கட்டுக்கடங்காமல் ஏறி, இறங்காமல் நிற்கிறது. மைட்டோகாண்ட்ரியா சோர்ந்துபோகிறது. நொதிக் குருணையும், செல்லின் கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமும் ஒன்றாகக் கலக்கின்றன. லைசோசோமில் இருக்கும் கதெப்சின் பி, குடல்வரை காத்திருக்காமல் டிரிப்சினோஜெனை அங்கேயே திறந்துவிடுகிறது. கணையம் தன்னைத் தானே செரிக்கிறது என்று ஹான்ஸ் கியாரி 1896-லேயே சொன்னது இதைத்தான். பித்தநாள முனையில் சிக்கிய கல்தான் தொடக்கம் என்று யூஜீன் ஓப்பி 1901-ல் காட்டினார்.

செல்லிடம் காவலும் உண்டு. ஸ்பிங்க்1 என்ற தடுப்பான் கொஞ்சம் டிரிப்சினை அமுக்கிவிடும். டிரிப்சின் தன்னைத் தானே வெட்டிக்கொண்டும் அழியும். பி.ஆர்.எஸ்.எஸ்.1 மரபணுவில் 122-ஆம் இடத்து ஆர்ஜினின் மாறிவிட்டால் அந்த வெட்டு விழாது. பரம்பரைக் கணைய அழற்சிக்கு அந்த மாற்றமே காரணம் என்று 1996-ல் கண்டுபிடித்தார்கள்.

இதுவரை நடப்பது கணையத்துக்குள். நோயாளியைக் கவிழ்ப்பது அடுத்த கட்டம். இறந்த செல்லிலிருந்து கசிவதைக் கண்டு வெள்ளணுக்கள் திரள்கின்றன, சைட்டோகைன் பெருகுகிறது, உடல் முழுக்க நுண்குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. நுரையீரல், சிறுநீரகம், இரத்த அழுத்தம் என்று ஒவ்வொன்றாகச் சரிகின்றன. இந்தப் பதிலடி ஒருவருக்குச் சிறு தீயாக அணையும், இன்னொருவருக்குக் காடெரியும். லைபேஸ் முதல் கட்டத்தின் சாட்சி, தீவிரம் இரண்டாம் கட்டத்தின் விளைவு. 700-க்காரர் ஐ.சி.யூ.வுக்குப் போனதற்கு விடை அதுதான்.

பதில் 2: ஐசியூமேசை

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். முக்கியமான டிரிப்சினோஜென் மரபணுவை நீக்கிய எலிகளிலும் அழற்சி வரத்தான் செய்கிறது. டிரிப்சினும் அழற்சிப் பாதையும் ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கிளம்புகின்றன. அப்ரோட்டினின், கேபெக்ஸேட், ஆக்ட்ரியோடைட் என்று நொதியைக் குறிவைத்த மருந்துகள் நோயின் போக்கை மாற்றவில்லை. இன்று வரை இந்த நோயை நிறுத்தும் மருந்து கிடையாது. ஆகவே நம் கையில் இருப்பது அளவான திரவம், சாப்பாடு, வலிநிவாரணம், கண்காணிப்பு. அதனால்தான் டிரிப்பின் அளவு இவ்வளவு முக்கியம்.

மணிக்கு 250-500 என்பது பழைய எண்ணம். கணையம் இரத்தமின்றிச் சாகிறது, திரவத்தை ஊற்றினால் காப்பாற்றலாம் என்று நினைத்தார்கள். 2022-ல் வெளிவந்த வாட்டர்ஃபால் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. இரண்டு குழுவுக்கும் ரிங்கர் லாக்டேட்தான். ஒரு குழுவுக்குக் கிலோவுக்கு 20 மி.லி. போலஸ் (தொடக்கத்தில் வேகமாக ஏற்றும் திரவம்), பிறகு மணிக்குக் கிலோவுக்கு 3 மி.லி. மற்றதில், நீர்ச்சத்து குறைந்தவருக்கு மட்டும் கிலோவுக்கு 10 மி.லி. போலஸ், பிறகு எல்லோருக்கும் மணிக்குக் கிலோவுக்கு 1.5 மி.லி. தாராளமாகக் கொடுத்ததில் நோய் குறையவில்லை. திரவ மிகையோ 20.5 சதவீதம், அளவாகக் கொடுத்த குழுவில் 6.3. 249 பேர் சேர்ந்த நிலையில் ஆய்வையே நிறுத்திவிட்டார்கள்.

60 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அளவான முறையில் போலஸ் 600 மி.லி. 2 மணி நேரத்தில், பிறகு மணிக்கு 90. முதல் 24 மணி நேரத்தில் மொத்தம் சுமார் 2.6 லிட்டர். தாராள முறையில் 1,200 போலஸ், பிறகு மணிக்கு 180, மொத்தம் சுமார் 5.2 லிட்டர். கசியும் குழாய்களுக்குள் ஊற்றிய அந்தக் கூடுதல் 2.6 லிட்டரும் நுரையீரலிலும் வயிற்றிலும்தான் போய் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. வந்தபோதே ஷாக், மூச்சுத் திணறல், சிறுநீரகச் செயலிழப்பு இருந்தவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. சிஸ்டாலிக் 80-ல் வருபவரிடம் 1.5 மி.லி. கணக்கைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அவருக்கு ஷாக் சிகிச்சைதான், தேவைப்பட்டால் நார்அட்ரினலின் உட்பட.

வேகத்தைவிட முக்கியம் திரும்பிப் பார்ப்பது. 3, 12, 24, 48, 72 மணி நேரத்தில் கட்டிலருகே போங்கள். நாடித்துடிப்பு, சிறுநீர் (மணிக்குக் கிலோவுக்கு 0.5 மி.லி. வேண்டும்), ஹீமட்டோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்), யூரியா, நுரையீரல் அடிப்பகுதியில் கிரெப்ஸ் (நீர் கோத்த ஒலி), காலில் வீக்கம். வந்தபோது ஹீமட்டோக்ரிட் 44-க்கு மேல் இருந்து 24 மணி நேரத்தில் இறங்கவில்லை என்றால் கவலைப்படுங்கள். யூரியாவில் ஒரு பொறி இருக்கிறது. தீவிரத்தை ஐந்து அம்சங்களால் கணிக்கும் பிசாப் மதிப்பெண்ணில் வரும் 25 மி.கி. என்பது யூரியா நைட்ரஜனுக்கான வரம்பு. பல ஆய்வகங்கள் மொத்த யூரியாவைத் தருகின்றன. 2.14-ஆல் பெருக்கினால் வரம்பு சுமார் 54. இதைக் கவனிக்காமல் யூரியா 30-க்கே ஒரு மதிப்பெண் போடுவது சாதாரணமாக நடக்கிறது. மற்ற நான்கும் எளிதுதான்: நினைவு மங்கல், சிர்ஸ் (உடல் முழுக்கப் பரவிய அழற்சிப் பதிலடி), வயது 60-க்கு மேல், நுரையீரலைச் சுற்றி நீர். 3 அல்லது மேல் என்றால் ஐ.சி.யூ.வுக்குச் சொல்லி வையுங்கள்.

தீவிரத்தின் பெயர் 48 மணி நேரத்தில்தான் முடிவாகும். 2012-ல் திருத்திய அட்லான்டா வகைப்பாட்டின்படி உறுப்புச் செயலிழப்பு 48 மணி நேரத்தைத் தாண்டி நின்றால்தான் 'கடுமை'. அதற்குள் சரியானாலோ, கணையத்தைச் சுற்றி நீர்த்தேக்கம், திசு அழிவு போன்றவை மட்டும் இருந்தாலோ 'நடுத்தரக் கடுமை'. முதல் நாள் கேஸ்ஷீட்டில் "மைல்ட்" என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கக் கூடாது.

சிறுநீர் குறைந்து, டிரிப்பைக் கூட்டியும் வராமல், வயிறு மத்தளம் போல இறுகினால் இன்னும் ஊற்றாதீர்கள், வயிற்று உள்ளழுத்தத்தை அளங்கள். நோயாளியை மட்டமாகப் படுக்க வைத்து, சிறுநீர்ப்பையைக் காலி செய்து, கதீட்டரின் வடிகுழாயைக் கிளாம்ப் செய்து, 25 மி.லி. ஸ்டெரைல் சலைன் மட்டும் உள்ளே விடுங்கள். இடுப்பெலும்பு விளிம்பு மட்டத்தில், அக்குளின் நடுக்கோட்டில் பூஜ்ஜியம் வையுங்கள். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பொறுத்து, மூச்சு வெளியேறி முடியும் கணத்தில் படியுங்கள். 12 மி.மீ. பாதரசத்துக்கு மேல் என்றால் அழுத்தம் கூடியிருக்கிறது. 20-க்கு மேல் நின்று புதிதாக ஓர் உறுப்பும் செயலிழந்தால் அது அவசரநிலை. தண்ணீர்க் கோல் வைத்து அளப்பவர்கள் செ.மீ. எண்ணை 1.36-ஆல் வகுக்க வேண்டும். 27 செ.மீ. தண்ணீர்தான் 20 மி.மீ. பாதரசம். தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்து அளந்தால் எண் பொய்யாகக் கூடும்.

இரவுப்பணி:

நன்றி டாக்டர், யூரியா விஷயத்தை முதல் பக்கத்திலேயே போட்டுவிடுகிறோம். ரிங்கர் லாக்டேட் ஏன், நார்மல் சலைன் ஏன் கூடாது? கால்சியம் 7.6 என்று வந்தால் உடனே ஊசி போடுவது வழக்கமாக இருக்கிறதே?

ஏசினர்:

சலைனில் குளோரைடு 154, ரிங்கரில் 109. லிட்டர் கணக்கில் போகும்போது சலைன் அமிலத்தன்மையைக் கூட்டும். அமிலச் சூழலில் டிரிப்சினோஜென் இன்னும் எளிதாகத் திறக்கிறது. சிறிய ஆய்வுகளில் ரிங்கர் பெற்றவர்களுக்கு 24 மணி நேரத்தில் சிர்ஸ் குறைவாக இருந்தது. ஒரே விலக்கு, இரத்தக் கால்சியம் ஏறி அதனால் நோய் வந்தவர். ரிங்கரில் கால்சியம் இருப்பதால் அவருக்குச் சலைன்.

கால்சியம் குறைவது ஏன் என்றால், லைபேஸ் கணையத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்பை உடைத்து, வெளிவந்த கொழுப்பமிலம் கால்சியத்தைப் பிடித்துச் சோப்பாக மாறுகிறது. அறுவையில் சுண்ணாம்புப் புள்ளி போலத் தெரிவது அதுதான். ஆனால் 7.6-ஐ அப்படியே நம்பாதீர்கள். ஆல்புமினும் கசிந்து இறங்கியிருக்கும். ஆல்புமின் 2.2 என்றால் 7.6 + 0.8 × (4 − 2.2) = 9.04, அது இயல்புதான். முடிந்தால் அயனிக் கால்சியம் பாருங்கள். கை இழுப்பு, உதட்டைச் சுற்றி மதமதப்பு, ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. நீட்சி இருந்தால் மட்டும் திருத்தம். மது அருந்துபவரிடம் மெக்னீசியத்தை முதலில் பாருங்கள். அது குறைந்திருந்தால் எத்தனை ஆம்பூல் கால்சியம் போட்டாலும் ஏறாது.

பதில் 3: குடலூட்டம்

கணையத்துக்கு ஓய்வு என்ற பட்டினியைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். பட்டினி கிடக்கும் குடலின் உட்சுவர் மெலிகிறது, கிருமி அதைத் தாண்டுகிறது, கணையத்தின் செத்த திசுவில் போய்க் குடியேறுகிறது. பிற்பாடு சீழ் பிடிப்பதன் முக்கிய வழி இது.

லேசான நோயில் வாந்தி இல்லை, பசிக்கிறது என்றால் 24 மணி நேரத்துக்குள் சாப்பாடு. லைபேஸ் இறங்கட்டும், வலி முழுதாகப் போகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் தண்ணீர், பிறகு கஞ்சி, பிறகு திடம் என்ற படிக்கட்டும் தேவையில்லை. கொழுப்புக் குறைந்த திட உணவையே முதல் வேளையாகக் கொடுக்கலாம்.

கடுமையானவருக்கும் அவசரப்பட்டு ட்யூப் போட வேண்டாம். 2014-ல் வெளிவந்த பைத்தான் ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் ட்யூப் போட்டவர்களுக்கும், வாய்வழி முயன்று முடியாதபோது 72 மணி நேரத்துக்குப் பிறகு ட்யூப் போட்டவர்களுக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே மூன்று நாள் வாய்வழி முயலுங்கள், முடியாவிட்டால் ட்யூப். மூக்கு வழி இரைப்பைக்குப் போகும் குழாயே பெரும்பாலும் போதும், வாந்தி நிற்காவிட்டால் சிறுகுடல் வரை தள்ளுங்கள். மணிக்கு 20-30 மி.லி.யில் தொடங்கி, தலைப்பக்கம் 30 டிகிரி உயர்த்தி, தாங்கினால் கூட்டுங்கள். இலக்கு நாளுக்குக் கிலோவுக்கு 25-30 கலோரி, புரதம் 1.2-1.5 கிராம். நரம்பு வழி உணவு, குடல் வழி எதுவுமே நடக்காதபோது மட்டும். மெலிந்தவர், மது அருந்துபவர் என்றால் குளுக்கோஸுக்கு முன் தயமின். ஊட்டம் தொடங்கிய பிறகு பாஸ்பேட்டைத் தினமும் பாருங்கள்.

ஆன்டிபயாடிக்: தடுப்புக்காக வேண்டாம், திசு அழிவு சி.டி.யில் தெரிந்தாலும் வேண்டாம். முதல் வாரக் காய்ச்சல் பெரும்பாலும் அழற்சியின் காய்ச்சல். வெள்ளணு 18,000, சி.ஆர்.பி. (இரத்தத்தில் அழற்சியின் குறியீடு) 250 என்று வந்தாலும் அது தொற்றைக் காட்டவில்லை. நுரையீரல், சிறுநீர், சென்ட்ரல் லைன், பித்தநாளம் இவற்றில் தொற்று இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் அதற்குக் கொடுங்கள். செத்த திசுவில் தொற்று பெரும்பாலும் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு வருகிறது. தேறி வந்தவர் திரும்பச் சரிவதும், சி.டி.யில் அழிந்த திசுவுக்குள் காற்றுக் குமிழிகள் தெரிவதும் அதன் அடையாளம். அப்போது மெரோபெனெம் போல அந்தத் திசுவுக்குள் ஊடுருவும் மருந்து வேண்டும். அமினோகிளைக்கோசைடு அங்கே சரியாகப் போய்ச் சேராது.

பதில் 4: பித்தநாளம்

காரணத்தைத் தேடுவதை யாரும் தள்ளிப்போடக் கூடாது, அடுத்த தாக்குதலைத் தடுப்பது அதுதான். கல்லும் மதுவும் சேர்ந்தே பெரும்பங்கு. வந்த அன்றே எல்லோருக்கும் மேல்வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுங்கள். குடலில் காற்று நிறைந்திருந்தால் சிறு கல் தெரியாது, தேறிய பிறகு மறுபடி எடுங்கள். முதல் 48 மணி நேரத்துக்குள் ஏ.எல்.டி. (கல்லீரல் நொதி) 150-க்கு மேல் போனால் படத்தில் தெரியாவிட்டாலும் கல்லையே நினைக்க வேண்டும்.

ஈ.ஆர்.சி.பி. (எண்டோஸ்கோப் வழியே பித்தநாளத்துக்குள் போய்க் கல்லை எடுப்பது) யாருக்கு? காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் சேர்ந்து பித்தநாளத் தொற்று இருந்தால் 24 மணி நேரத்துக்குள். தொற்று இல்லாமல் நோய் மட்டும் கடுமையாக இருக்கிறது என்பதற்காக அவசரமாகச் செய்வதில் பயனில்லை என்று 2020-ல் அபெக் ஆய்வு காட்டிவிட்டது. ஈ.ஆர்.சி.பி.யே கணைய அழற்சியை உண்டாக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். அதைத் தடுக்க இன்டோமெத்தசின் அல்லது டைக்ளோஃபெனாக் 100 மி.கி. ஆசனவாய் வழியே வைப்பதுதான் மிக எளிய வழி.

லேசான கல் நோயில் பித்தப்பையை அதே அட்மிஷனிலேயே எடுத்துவிட வேண்டும். 2015-ல் வந்த பொன்சோ ஆய்வில் நாலு வாரம் தள்ளிப்போட்டவர்களில் 17 சதவீதம் பேர் கல் தொல்லையோடு திரும்பி வந்தார்கள் அல்லது இறந்தார்கள், அதே அட்மிஷனில் எடுத்தவர்களில் 5 சதவீதம்தான். "வீக்கம் அடங்கட்டும், ஆறு வாரம் கழித்து வாருங்கள்" என்று அனுப்புவது லேசான நோயில் பெரிய தவறு. கணையத்தைச் சுற்றி நீர் தேங்கிய கடுமையான நோயில் மட்டும் அது வற்றும்வரை பொறுக்கலாம்.

கல்லும் இல்லை, மதுவும் இல்லை என்றால் டிரைகிளிசரைடு, கால்சியம், மருந்துப் பட்டியல். அசதையோபிரின், வால்ப்ரோயேட், ஆஸ்பராஜினேஸ் மூன்றும் மருந்துப் பட்டியலில் முதலில் கேட்க வேண்டியவை. டிரைகிளிசரைடை வந்த அன்றே அனுப்புங்கள். பட்டினி கிடந்தால் வேகமாக இறங்கிவிடும், மூன்றாம் நாள் அனுப்பினால் 1,000-க்கு மேல் இருந்தது 400 என்று வந்து ஏமாற்றும். சிரிஞ்சில் இரத்தம் பால் கலந்தது போல இருந்தால் சோடியம் பொய்யாகக் குறைந்து தெரியும், அமைலேஸும் இயல்பாக வரலாம். இதற்கு இன்சுலின் மணிக்குக் கிலோவுக்கு 0.1 யூனிட், சர்க்கரை 200-க்குக் கீழ் இருந்தால் கூடவே டெக்ஸ்ட்ரோஸ், மணிக்கொரு முறை சர்க்கரை, அடிக்கடி பொட்டாசியம். டிரைகிளிசரைடு 500-க்குக் கீழ் வந்ததும் நிறுத்தலாம்.

40 வயதுக்கு மேல், ஒரு காரணமும் கிடைக்கவில்லை என்றால் கணையக் கட்டி அங்கே ஒளிந்திருக்கலாம். அடங்கிய பிறகு எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ பார்க்காமல் விடக் கூடாது.

பதில் 5: படிப்படி

சி.டி.க்கு வருகிறேன். முதல் நாள் எடுத்தால் செத்த திசு இன்னும் பிரிந்து தெரியாது. "நெக்ரோசிஸ் இல்லை" என்று ரிப்போர்ட் வரும், எல்லோரும் தளர்ந்துவிடுவார்கள். வறண்டிருக்கும் சிறுநீரகத்துக்குக் கான்ட்ராஸ்ட் வேறு. வலி தொடங்கி 72-96 மணி நேரம் கழித்து, அதுவும் தேறாதவருக்கு மட்டும் எடுத்தால் படம் உண்மையைச் சொல்லும். முதல் நாள் சி.டி. நியாயமாகும் ஒரே இடம், நோய் இதுதானா, குடல் துளையா, குடலுக்கு இரத்தம் போகவில்லையா என்ற சந்தேகம் இருக்கும்போது.

திசு அழிவு இருந்தால் கத்தியை ஒதுக்கி வையுங்கள். முதல் வாரங்களில் செத்ததும் உயிருள்ளதும் ஒட்டிக் கிடக்கும், கை வைத்தால் இரத்தம்தான். 4 வாரத்தில் சுற்றிலும் சுவர் கட்டி உள்ளே குழைந்துவிடும். தொற்று உறுதியானாலும் முதலில் ஆன்டிபயாடிக், நோயாளி தாங்கினால் சுவர் கட்டும்வரை பொறுமை. 2021-ல் வந்த பாயின்டர் ஆய்வில் இப்படிப் பொறுத்த குழுவில் 39 சதவீதம் பேருக்குக் குழாயே தேவைப்படவில்லை. பொறுக்க முடியாதவருக்கு முதுகுப்பக்கமாக டிரெய்ன் அல்லது இரைப்பைச் சுவர் வழியே எண்டோஸ்கோப்பி ஸ்டென்ட். அது போதாதபோதுதான் செத்த திசுவை அகற்றுவது. 2010-ல் வெளிவந்த பான்டர் ஆய்வில் இந்தப் படிமுறையில் சிகிச்சை பெற்றவர்களில் 35 சதவீதம் பேருக்கு டிரெய்னோடு வேலை முடிந்தது. பெரிய சிக்கலோ மரணமோ 40 சதவீதம். நேரடியாகத் திறந்தவர்களில் 69.

டிரெய்னில் திடீரென்று கொஞ்சம் புது இரத்தம் வந்து தானே நின்றுவிட்டால் "கழுவும்போது பட்டிருக்கும்" என்று விடாதீர்கள். நொதி அரித்து மண்ணீரல் தமனியில் போலி வீக்கம் உண்டாகியிருக்கலாம். அது முன்னறிவிப்பு, அடுத்த முறை நிற்காது. உடனே சி.டி. ஆஞ்சியோ, இருந்தால் எம்பொலைசேஷன் (அந்த இடத்தைத் தமனிக்குள்ளிருந்தே அடைப்பது).

இரவுப்பணி:

கடைசியாக ஒன்று. வலிக்கு மார்ஃபின் கொடுத்தால் நாள வாய் இறுகும் என்று பெத்திடின் எழுதுகிறார்கள். தொடரலாமா?

ஐசியூமேசை:

வேண்டாம். மார்ஃபினால் நோய் மோசமாகும் என்று மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. பெத்திடினின் சிதைபொருள் சிறுநீரகம் பழுதானால் தேங்கி வலிப்பைத் தூண்டும், இந்த நோயில் சிறுநீரகம் அடிபடுவது சாதாரணம். மார்ஃபின் 2-3 மி.கி. மெதுவாக நரம்பில், தேவைக்கேற்பத் திரும்ப. கிரியேட்டினின் ஏறியிருந்தால் ஃபென்டனில். டைக்ளோஃபெனாக் போன்றவை கிரியேட்டினின் இயல்பாக, சிறுநீர் நன்றாகப் போகும்போது மட்டும். ஒவ்வொரு டோஸுக்கும் பிறகு மூச்சு எண்ணிக்கையையும் எஸ்.பி.ஓ.2-வையும் எழுதச் சொல்லுங்கள். வலி அடங்கிய பிறகும் மூச்சு நிமிடத்துக்கு 28 என்றால் வலி மருந்தைக் கூட்டாதீர்கள், இரத்த வாயுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.